மூளைக்குள் சில்லு: முடிவெடுப்பது யார்?

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் நியூட்டன். அங்கே வடக்கு-தெற்குப் பாதைக்கு மாறினால் அடுத்தது நொவீனா. தேக்கா சந்தையில் வாங்கிய கீரை வாடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் தேசிய நரம்பியல் கழகம் இருக்கிறது. மருந்து போதாத பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்கு மூளைக்குள் மின்முனைகளைப் பொருத்தும் சிகிச்சையை அதன் மருத்துவர்கள் அளித்து வருகிறார்கள்.

மூளையில் சில்லு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது எலான் மஸ்க்கின் நியூராலிங்க் நிறுவனமோ, ஏதாவது ஒரு திரைப்படமோதான். உண்மையில் அந்தத் தொழில்நுட்பத்தின் மூத்த வடிவம் நம் வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி, சத்தமில்லாமல் பலரின் கை நடுக்கத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் 50 வயதைக் கடந்தவர்களில் ஆயிரத்தில் ஏறத்தாழ மூவருக்கு பார்க்கின்சன் நோய் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. நாடு வேகமாக மூப்படைந்து வருகிறது. ஆகவே இந்தக் கட்டுரை எழுப்பும் கேள்விகள் ஒருநாள் உங்கள் வீட்டு மேசைக்கே வரக்கூடும். அப்பாவுக்கோ அத்தைக்கோ ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் நேரத்தில் யோசிப்பதைவிட, இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

எழுதும் கருவி, படிக்கும் கருவி

மூளையில் பொருத்தப்படும் கருவிகளை எளிமையாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று மூளைக்குள் மின்துடிப்பை அனுப்புவது. மற்றது மூளையில் எழும் மின்துடிப்பைப் படிப்பது.

முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆழ்மூளைத் தூண்டல். பிரான்சின் கிரனோபிள் நகரில் 1987ல் அலிம் லூயி பெனாபித் என்ற நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும் இதன் இன்றைய வடிவத்துக்கு அடித்தளமிட்டனர். மூளையின் ஆழத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வேகமான மின்துடிப்பைச் செலுத்தியபோது நோயாளியின் நடுக்கம் நின்றதை அவர்கள் கவனித்தார்கள். இன்று மெல்லிய மின்முனைகளை மூளைக்குள் இறக்கி, தோலுக்கு அடியில் கம்பியைக் கொண்டுவந்து, காரை எலும்புக்குக் கீழே வைக்கப்படும் சிறு மின்கலப் பெட்டியோடு இணைக்கிறார்கள். இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கரின் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயை இது குணப்படுத்தாது. ஆனால் தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் தூக்க முடியாத ஒருவரை மீண்டும் தூக்கவைக்கலாம்.

இரண்டாம் வகை, மூளை-கணினி இடைமுகம். கையை அசைக்க நினைக்கும்போது மூளையின் இயக்கப் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் ஒரு குறிப்பிட்ட பாங்கில் துடிக்கின்றன. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவருக்குக் கை அசையாது. ஆனால் அந்தத் துடிப்பு எழும். நுண்ணிய மின்முனைகள் அதைப் பிடித்துக் கணினிக்குத் தருகின்றன. கணினி அதை அலசி, திரையில் ஒரு குறியையோ இயந்திரக் கையையோ நகர்த்துகிறது. நியூராலிங்க் 2024 ஜனவரியில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்திய கருவியில் தலைமுடியைவிட மெல்லிய 64 இழைகளில் 1,024 மின்முனைகள் இருந்தன. சில வாரங்களில் பல இழைகள் மூளைத் திசுவிலிருந்து பின்வாங்கிவிட்டன. மென்பொருளை மாற்றி அமைத்துத்தான் கருவியின் திறனை மீட்டார்கள்.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். உடலுக்குள் இருக்கும் கம்பியின் குறையை வெளியே இருக்கும் மென்பொருள் ஈடுகட்டுகிறது. செயற்கை நுண்ணறிவு இந்தக் கதைக்குள் நுழையும் இடம் இதுதான்.

சிங்கப்பூரின் பங்கு

நரம்பணுக்களின் துடிப்பு சீரான மொழி அல்ல. நாளுக்கு நாள் மாறும், இரைச்சல் நிறைந்தது. ஆயிரக்கணக்கான துடிப்புகளில் எது 'ஆள்காட்டி விரலை மடக்கு' என்பதைக் கண்டுபிடிக்க, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரல் தேவை.

இந்தத் துறையில் சிங்கப்பூர் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. 2016ல், அப்போது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த அரிந்தம் பாசு தலைமையிலான குழு ஒரு சிறிய சில்லை அறிவித்தது. மூளைத் துடிப்புகள் முழுவதையும் வெளியே அனுப்பினால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே இந்தச் சில்லு துடிப்புகளைத் தானே அலசிப் பொருள் கண்டு, முடிவை மட்டும் கம்பியின்றி வெளியே அனுப்பும். விலங்குகளிடமிருந்து பதிவுசெய்த துடிப்புகளைக் கொண்டு சோதித்தபோது கை, விரல் அசைவுகளை அது 95 விழுக்காடு சரியாகக் கணித்தது.

அதே ஆண்டு, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இன்னொரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சக்கரங்கள் பொருத்திய மேடையில் அமர்ந்த குரங்குகள், மூளைத் துடிப்பால் மட்டுமே அந்த மேடையைத் தாம் விரும்பிய திசைக்கு ஓட்டிச் சென்றன. படுக்கையில் கிடக்கும் ஒருவர் என்றாவது ஒருநாள் தன் சக்கர நாற்காலியைத் தானே ஓட்டலாம் என்ற நம்பிக்கைக்கு அது ஓர் அடிப்படை.

பலன் பெரியது. அதனால்தான் கேள்விகளையும் கவனமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி: மாறியது நோயா, நானா?

நெதர்லாந்தில் கடுமையான எண்ணச் சுழற்சி நோய்க்காக ஆழ்மூளைத் தூண்டல் செய்துகொண்ட ஒருவருக்கு, அதுவரை பெரிதாக ஈடுபாடில்லாத ஜானி கேஷ் என்ற அமெரிக்கப் பாடகரின் பாடல்கள்மீது திடீரென்று பெரும் பிரியம் வந்தது. மின்கலம் தீர்ந்து கருவி நின்றால் அந்தப் பிரியமும் மறைந்தது. மருத்துவர்கள் 2014ல் இதை ஆய்வேட்டில் பதிவுசெய்தார்கள்.

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். அதே நாட்டில் நடந்த இன்னொரு நிகழ்வு அப்படியல்ல. பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்குக் கருவி இயங்கினால் உடல் நன்றாக இயங்கியது. ஆனால் மனம் கட்டுக்கடங்காத உற்சாக நிலைக்குப் போய்த் தவறான முடிவுகளை எடுத்தது. கருவியை நிறுத்தினால் மனம் தெளிந்தது. உடல் படுக்கையில் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை கிடைக்கவில்லை. கருவியை நிறுத்திவிட்டு, தெளிந்த மனத்தோடு இருந்த அவரிடமே மருத்துவர்கள் கேட்டார்கள். கருவி இயங்கட்டும், நான் மனநல மருத்துவமனையில் இருந்துகொள்கிறேன் என்று அவர் முடிவெடுத்தார்.

இங்கே மருத்துவர்கள் செய்த ஒரு காரியம் முக்கியமானது. எந்த நிலையில் இருக்கும்போது அவருடைய 'சரி'யைக் கேட்பது என்று யோசித்தார்கள். இப்போது வரும் புதிய தலைமுறைக் கருவிகள் அந்தக் கேள்வியை மேலும் கடினமாக்குகின்றன. 2025 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பார்க்கின்சன் நோய்க்குத் 'தகவமைக்கும்' ஆழ்மூளைத் தூண்டல் கருவி ஒன்றை அனுமதித்தது. அது மூளையின் துடிப்பைத் தானே படித்து, தூண்டலின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும். மருத்துவர் வகுத்த எல்லைக்குள்தான் அது செயல்படுகிறது. என்றாலும் ஒவ்வொரு நொடியும் முடிவெடுப்பது நிரல். இன்று அப்பா கலகலப்பாக இருக்கிறார் என்றால், அது அவருடைய மனநிலையா, கருவி கூட்டிய அளவா என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளும் காலம் தொலைவில் இல்லை.

இரண்டாம் கேள்வி: வாயில் வரும் சொல் யாருடையது?

2024ல் அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு, ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயால் பேச்சை இழந்த ஒருவரை மீண்டும் பேசவைத்தது. அவர் மூளையில் பொருத்திய 256 மின்முனைகள், அவர் பேச முயலும்போது எழும் துடிப்புகளைப் பிடித்தன. 1,25,000 சொற்கள் கொண்ட அகராதியிலிருந்து ஏறத்தாழ 97 விழுக்காடு சரியாகச் சொற்கள் திரையில் வந்தன. நோய்க்கு முன் பதிவான அவருடைய குரலைப் போலவே கணினி அவற்றை வாசித்தது.

இந்த வேலை இரண்டு படிகளில் நடக்கிறது. முதலில் துடிப்புகளிலிருந்து ஒலிகளை ஊகிக்கிறார்கள். அந்த ஊகத்தில் பிழைகள் இருக்கும். அடுத்து, 'இந்த ஒலிகளுக்கு மிகவும் பொருத்தமான வாக்கியம் எது?' என்று ஒரு மொழி மாதிரி தேர்ந்தெடுக்கிறது. உங்கள் கைப்பேசி அடுத்த சொல்லை ஊகிப்பதன் பெரிய அண்ணன் இது. கைப்பேசி தவறாக ஊகித்தால் அழித்துவிடலாம். வேறு எந்த வழியிலும் பேச முடியாத ஒருவர், 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று எப்படிச் சொல்வார்? அதனால்தான் இத்தகைய ஆய்வுகளில் ஒவ்வொரு வாக்கியத்தையும் பேசியவரே சரிபார்க்க ஒரு வழி வைப்பது முக்கியம். உயில், சொத்து, சிகிச்சை மறுப்பு போன்றவற்றை இந்தக் கருவி வழியாக ஒருவர் சொன்னால் சட்டம் அதை எப்படி ஏற்கும் என்பதும் திறந்த கேள்விதான்.

தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. டேவிஸ் குழுவின் மொழி மாதிரி ஆங்கிலத்தில் பயிற்சி பெற்றது. சிராங்கூன் சாலையில் காதில் விழும் பேச்சை நினைத்துப் பாருங்கள்: "மக்கான் முடிச்சிட்டு எம்ஆர்டி எடுத்து வந்துடறேன் லா." தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. எழுத்துத் தமிழில் 'இருக்கிறது' என்பது வாயில் 'இருக்கு' ஆகிறது. எழுத்துத் தமிழை மட்டும் படித்த மாதிரி ஒன்று, கோமளவிலாசில் காப்பி கேட்கும் பாட்டியைச் செய்தி வாசிப்பாளர்போலப் பேசவைத்துவிடும். தமிழே தெரியாத மாதிரியோ அவருடைய தமிழ்ச் சொல்லை ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லாகத் திருத்திவிடும்.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. 2024ல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள், பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒருவரின் மூளைத் துடிப்பிலிருந்து ஸ்பானியம், ஆங்கிலம் இரண்டையும் பிரித்தறிந்தார்கள். இரு மொழிகளுக்கும் மூளைத் துடிப்பு பெரிதும் பொதுவாக இருந்ததால், ஒரு மொழியில் கற்றது மற்றொன்றுக்கும் உதவியது. இன்னொரு பக்கம், 'ஏஐ சிங்கப்பூர்' 2023 இறுதியில் வெளியிட்ட 'சீ-லயன்' மொழி மாதிரி தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் சேர்த்துக்கொண்டது. பேச்சுத் தமிழின் தரவை இப்போது சேகரிப்பது கணினி ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். நாளை பேச்சிழக்கும் ஒரு தமிழர் தன் சொந்தக் குரலில் பேசுவாரா என்பதை அது தீர்மானிக்கும்.

மூன்றாம் கேள்வி: மனத்துக்குப் பூட்டு உண்டா?

பேச முயல்வது வேறு. மனத்துக்குள் சொல்லிக்கொள்வது வேறு. ஆனால் இரண்டும் மூளையின் ஒரே பகுதியில் ஒத்த பாங்கில் எழுகின்றன, உட்பேச்சு சற்று மெலிதாக இருக்கிறது என்று ஸ்டான்ஃபோர்டு குழு 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. மனத்துக்குள் மட்டும் சொன்ன வாக்கியங்களை 74 விழுக்காடு வரை சரியாகப் படிக்க முடிந்தது. திரையில் உள்ள வடிவங்களை எண்ணச் சொன்னபோது, மனத்துக்குள் எண்ணிய எண்களின் சாயல்கூடத் தென்பட்டது.

அந்தக் குழு ஒரு தீர்வையும் சோதித்தது. ஒரு குழந்தைகள் படத்தின் பெயரை மனத்துக்குள் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். கடவுச்சொல் 98 விழுக்காட்டுக்கும் மேல் சரியாக வேலை செய்தது. தனியுரிமையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், கருவியை வடிவமைக்கும்போதே பூட்டு வைக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

அறுவை சிகிச்சை இல்லாத கருவிகளிலும் இந்தக் கேள்வி உண்டு. சிங்கப்பூரில் கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறு உள்ள 172 சிறுவர்களை வைத்து நடந்து, 2019ல் வெளியான ஆய்வில், தலைப்பட்டை மூலம் மூளை அலைகளைப் படிக்கும் கணினி விளையாட்டு அவர்களின் கவனத்தை மேம்படுத்த உதவியது. அது ஒப்புதலோடும் நெறிமுறைக் குழுவின் மேற்பார்வையோடும் நடந்த மருத்துவ ஆய்வு. நாளை அதே போன்ற பட்டையைத் துணைப்பாட நிலையமோ முதலாளியோ மாட்டச் சொன்னால் என்ன செய்வது?

சிலி நாடு 2021ல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து வரும் தகவலையும் காக்கும் வகையில் அரசியலமைப்பைத் திருத்தியது. 2023ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தரவை அழிக்கும்படி தலைப்பட்டை விற்கும் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. 2024ல் அமெரிக்காவின் கொலராடோ, கலிஃபோர்னியா மாநிலங்கள் நரம்புத் தரவைச் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தன. 2025 நவம்பரில் யுனெஸ்கோ, நரம்புத் தொழில்நுட்ப நெறிமுறைகள் குறித்த முதல் உலகளாவிய பரிந்துரையை ஏற்றது. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரை அடையாளம் காட்டும் தரவு அனைத்துக்கும் பொருந்தும். ஆனால் அதில் நரம்புத் தரவு என்று தனிப் பிரிவு கிடையாது. பெயர், முகவரியைப் போல மூளைத் துடிப்பையும் நடத்தினால் போதுமா என்பது நாம் பேச வேண்டிய ஒன்று.

நான்காம் கேள்வி: நிறுவனம் மூடினால்?

நான்கில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், குடும்பங்களை நேரடியாகத் தாக்குவதும் இதுதான்.

'செகண்ட் சைட்' என்ற அமெரிக்க நிறுவனம் பார்வையற்றோரின் விழித்திரையில் கருவி பொருத்தியது. உலகெங்கும் 350க்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றார்கள். 2019ல் நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு திவாலாகும் நிலைக்கு வந்தது. கருவி கண்ணுக்குள் இருக்கிறது, பழுது பார்க்க ஆளில்லை என்ற நிலையில் நோயாளிகள் நின்றார்கள்.

ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோயுள்ள 15 பேருக்கு, வலிப்பு வருமுன் எச்சரிக்கும் கருவியை மூளைமீது பொருத்தி ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பெண்ணுக்கு அது வாழ்க்கையையே மாற்றியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தயக்கமின்றி வெளியே போனார். கருவியைச் செய்த நிறுவனத்திடம் பணம் தீர்ந்தது. கருவியை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். வீட்டை அடகு வைத்தாவது அதை வைத்துக்கொள்ள அவரும் கணவரும் முயன்றார்கள், முடியவில்லை. தன்னில் ஒரு பகுதியை இழந்ததாக அவர் உணர்ந்தார். விருப்பத்துக்கு மாறாகக் கருவியை அகற்றுவது மனித உரிமை மீறலாகலாம் என்று அறநெறி ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள்.

பேஸ்மேக்கர் வைத்த நிறுவனம் மூடினால் வேறு நிறுவனத்தின் கருவியை வைத்துக்கொள்ளலாம். மூளைக் கருவியின் நிரலோ அந்த ஒருவரின் துடிப்புகளோடு மாதக்கணக்கில் பழகியது. இன்னொரு நிறுவனம் அதை அப்படியே எடுத்து நடத்த இயலாது.

நம் நாட்டில் என்ன இருக்கிறது?

சிங்கப்பூர் அமைச்சரவை 2000 டிசம்பரில் உயிரியல் நெறிமுறை ஆலோசனைக் குழுவை அமைத்தது. நியூராலிங்க் தொடங்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2013 ஜனவரியில், நரம்பியல் ஆய்வின் நெறிமுறை, சட்ட, சமூகச் சிக்கல்கள் பற்றி ஓர் ஆவணத்தை வெளியிட்டு அந்தக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. 2015ல் வந்த மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம், ஆய்வில் பங்கேற்பவருக்கு விளக்கி ஒப்புதல் பெறுவதையும், அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும் உறுதிசெய்கிறது. மருத்துவக் கருவிகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்காணிக்கிறது. மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த 2021ல் வழிகாட்டி நெறிமுறைகள் வந்தன.

அடித்தளம் இருக்கிறது. ஆனால் 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்ற உரிமை, மருந்து ஆய்வில் எளிது. மாத்திரையை நிறுத்தினால் போதும். தலைக்குள் இருக்கும் கருவியிலிருந்து விலக இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டும். விலக விரும்பாதவரைக் காக்கும் உரிமையும் தேவை என்பதை ஆஸ்திரேலியப் பெண்ணின் கதை காட்டுகிறது.

மேசையில் கேட்க வேண்டியவை

குடும்பத்தில் ஒருவருக்கு இத்தகைய சிகிச்சையோ ஆய்வோ பரிந்துரைக்கப்பட்டால் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் வரவேற்பார்.

கருவியின் மின்கலம் எவ்வளவு காலம் வரும், மாற்றும் செலவு யாருடையது? ஆய்வு முடிந்தபின் கருவி உள்ளேயே இருக்குமா, பராமரிப்பது யார்? துடிப்புத் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, வேறு நிரல்களைப் பயிற்றுவிக்க அது பயன்படுமா? நிரல் தானாக மாற்றும் அளவுகளை நாம் பார்க்க முடியுமா, நிறுத்த முடியுமா? குணத்தில் மாற்றம் தெரிந்தால் யாரை அழைப்பது?

நோயாளியிடமும் ஒன்று கேளுங்கள், மனம் தெளிவாக இருக்கும்போதே: "உங்கள் நடை திரும்பி, குணம் கொஞ்சம் மாறினால் பரவாயில்லையா?" பதிலை எழுதி வையுங்கள். மன ஆற்றல் சட்டத்தின்கீழ் நீடித்த அதிகாரப் பத்திரம் செய்திருந்தால், பின்னாளில் அவருக்காக முடிவெடுக்கப் போகிறவரும் அந்த உரையாடலில் இருக்கட்டும். பிள்ளைகள் தமக்குள் ஆங்கிலத்தில் பேசி முடித்துவிட்டு, தாயிடம் தமிழில் முடிவை மட்டும் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். இந்த விஷயத்தில் அது வேண்டாம். அவருக்குப் புரியும் தமிழில் முழுதும் விளக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நெதர்லாந்து மருத்துவர்கள் செய்ததும் அதுதான். கருவியை ஒரு நேரம் நிறுத்தி, அந்த மனிதரைத் தெளிந்த மனத்தோடு உட்காரவைத்து, அவருக்குப் புரியும்படி சொல்லி, அவரையே கேட்டார்கள். சில்லு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு நம்முடையது.